நடுத்துண்டை வெட்டியது யார்?

1958இல் ஆஸ்திரிய ராணுவம் எஃப்ஏஎல் துப்பாக்கியைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டு அதற்கு எஸ்டிஜி 58 என்று பெயர் வைத்தது. முதல் தொகுதி பெல்ஜியத்தின் எஃப்என் ஆலையிலிருந்து வந்தது. பிறகு உள்நாட்டிலேயே ஸ்டெயர் ஆலையில் செய்தார்கள். எழுபதுகளின் கடைசியில் எஸ்டிஜி 77 வந்ததும் பழையவை கிடங்குக்குப் போயின. அவற்றில் பல, துண்டுகளாகப் பெட்டியில் அடைக்கப்பட்டு அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கைக்கு வந்தன. ஆங்கிலத்தில் இதைப் பார்ட்ஸ் கிட் என்பார்கள்.

அப்படி ஒரு பெட்டியைத் திறந்தால், தகட்டில் செய்த முன்பிடி இருக்கும். அதோடு மடிந்து படியும் இருகால் தாங்கி, போல்ட், அதைச் சுமக்கும் கேரியர், வாயு பிஸ்டன், விசைத் தொகுதி, பின்கட்டை எல்லாம் இருக்கும். பழைய பெட்டியானால் குழலும் இருக்கும். அந்தக் குழலின் பின்முனையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மரையோடு மரையாக ஒரு இரும்பு வளையம் இறுகிக் கிடக்கும். அதன் ஒரு பக்கம் ஆலையில் கடைந்த வழவழப்பு, மறுபக்கம் தீயில் உருகி உறைந்த கரடுமுரடு. ரிசீவர் என்ற நடுத்துண்டில் மிஞ்சியது அவ்வளவுதான். குழலைத் தாங்குவதும், போல்ட் ஓட வழி கொடுப்பதும், துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சுமப்பதும் அந்த ரிசீவர்தான்.

இத்தனை பாகமும் கடல் தாண்டி வரலாம், இது மட்டும் வரக்கூடாது என்று முடிவு செய்தது யார்? எப்போது, எதற்காக? சேகரிப்பாளர்களிடம் கேட்டால் "சட்டம் அப்படி" என்பார்கள். எந்தச் சட்டம் என்று தேடத் தொடங்கினேன். ஒரு தாள் அதற்கு முந்தைய தாளைக் காட்டியது. ஆகவே இந்த விசாரணை பின்னோக்கி நடக்கிறது.

முதலில் கிடைத்தது அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையான ஏடிஎஃப்பின் தீர்ப்புரை 2003-2. எஃப்ஏஎல் வகை இயந்திரத் துப்பாக்கியின் ரிசீவரை எப்படி அழித்தால் அது அழிந்ததாகக் கொள்ளப்படும் என்பதைப் படம் போட்டுச் சொல்லும் ஆவணம் இது. ரம்பத்தால் அறுத்தால் போதாது, தீச்சுடரால் சாய்வாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் குறைந்தது கால் அங்குல இரும்பு உருகிப் போக வேண்டும். ரம்பத்தால் அறுத்ததை மறுபடி பற்றவைத்து நேராக்கிவிடலாம், உருகிப் போனதை மீட்க முடியாது. வளையத்தின் அந்தக் கரடுமுரடு விளிம்புக்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்தது.

அடுத்தது 2005 ஜூலையில் அதே துறை இறக்குமதியாளர்களுக்கு எழுதிய திறந்த கடிதம். இனிமேல் குழலும் வரக்கூடாது என்றது அது. பலரும் இதைப் புதுச் சட்டம் என்றே நினைத்தார்கள், இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடிதம் சுட்டும் பிரிவைத் தேடிப் போனால் விஷயம் வேறு. இறக்குமதிக்குத் தகாத துப்பாக்கியின் சட்டகம், ரிசீவர், குழல் மூன்றும் வரக்கூடாது என்ற வாசகம் 1986ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இருக்கிறது. பழுது பார்க்கவும் மாற்றிப் பொருத்தவும் என்று காரணம் காட்டினால் துறை இத்தனை காலமும் அனுமதித்து வந்தது. 2005இல் வாசகம் மாறவில்லை, அதைப் படித்த விதம்தான் மாறியது. பெட்டியில் குழல் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அது எந்தக் காலத்தில் வந்தது என்று சேகரிப்பாளர்கள் கணிப்பது இதனால்தான்.

1986 வாசகம் ஒட்டுப்போட்டது 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில். அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உகந்த துப்பாக்கியை இறக்குமதி செய்யலாம், ராணுவ உபரி மட்டும் கூடாது என்று அது சொல்லிவிட்டது. முழுத் துப்பாக்கிக்கு வாசல் அடைபட்ட பிறகு பாகங்களுக்கு மட்டும் எப்படித் திறந்திருந்தது? விடை அதே ஆண்டின் வரையறைப் பகுதியில் இருக்கிறது.

1938இல் அமெரிக்கா இயற்றிய கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், துப்பாக்கியின் எந்தப் பாகமும் துப்பாக்கியே என்று வரையறுத்திருந்தது. திருகாணியும் துப்பாக்கி, சுருள்வில்லும் துப்பாக்கி. அந்த வரையறை நீடித்திருந்தால் இன்றைய பார்ட்ஸ் கிட் சந்தை உருவாகியிருக்காது. 1968இல் செனட் குழு அளித்த 1097ஆம் எண் அறிக்கை இதை மாற்றியதற்கான காரணத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: ஒவ்வொரு சிறு பாகத்தையும் கட்டுப்படுத்துவது நடைமுறையில் முடியவில்லை, ஆகவே முக்கியமான பாகமான சட்டகம் அல்லது ரிசீவரை மட்டும் துப்பாக்கியாகக் கொள்வோம். நிர்வாகச் சிரமத்தைக் குறைக்க எழுதிய இந்த வரிதான் பின்னாளில் ஒரு சந்தைக்கே கதவு திறந்தது என்பது என் முடிவு.

நம் நாட்டில் கதவு அப்படித் திறக்கவில்லை. 1878இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய ஆயுதச் சட்டம் ஆயுதங்களின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. திருச்சி ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 1ஏ1 துப்பாக்கியும் எஃப்ஏஎல் வம்சம்தான். அதன் பின்கட்டையின் அடியில் இருப்பது பழைய லீ-என்ஃபீல்டின் அடித்தகடு, எண்ணெய்ப் புட்டி வைக்கும் சிறுகதவோடு. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்தத் தகடு வெறும் உலோகம், இந்தியச் சட்டத்தின் கண்ணில் ஆயுதத்தின் பாகம்.

எப்படி என்பது தெரிந்துவிட்டது. ராணுவ உபரிக்குத் தடை வேண்டும் என்று முதலில் கேட்டது யார் என்பது மிச்சம். 1968ஐ எழுதுகிறவர்கள் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்குவார்கள். அந்தச் சாவுகள்தான் சட்டத்தை நிறைவேற்றின, மறுக்க முடியாது. ஆனால் உபரித் தடை என்ற யோசனைக்கு வயது இன்னும் அதிகம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பியக் கிடங்குகளில் துப்பாக்கிகள் மலையாகக் குவிந்தன. சிஐஏவில் வேலை பார்த்த சாமுவேல் கம்மிங்ஸ் 1953இல் இன்டர்ஆர்ம்கோ நிறுவனத்தைத் தொடங்கி, அவற்றை மொத்தமாக வாங்கி வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா துறைமுகக் கிடங்குகளில் நிரப்பினார். அவரைப் போல வேறு சிலரும் இறங்கினார்கள். புது வேட்டைத் துப்பாக்கியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு ராணுவத் துப்பாக்கி கிடைத்தது. அடி விழுந்தது நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கு. கனெக்டிகட்டில் வின்செஸ்டரும் மார்லினும், மாசசூசெட்ஸில் சாவேஜும் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும் இயங்கிய காலம் அது.

1958இல் மாசசூசெட்ஸ் செனட்டர் ஒருவர் எஸ். 3714 என்ற மசோதாவை அறிமுகம் செய்தார். ராணுவத்துக்கென்று செய்யப்பட்ட எந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகக் கூடாது என்பது அதன் சாரம். தன் மாநிலத்து ஆலைகளையும் தொழிலாளர்களையும் காப்பதற்காகவே அதைக் கொண்டுவந்தார். குற்றத் தடுப்பு அதன் நோக்கமே அல்ல. செனட்டரின் பெயர் ஜான் எஃப். கென்னடி.

மசோதா அந்த வடிவில் தேறவில்லை. அமெரிக்கா தன் நேச நாடுகளுக்கு உதவியாகக் கொடுத்த அமெரிக்கத் துப்பாக்கிகள் திரும்பி வரக்கூடாது என்ற குறுகிய விதி மட்டும் அந்த ஆண்டின் பரஸ்பரப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தது. இத்தாலியில் செய்தது, ஜெர்மனியில் செய்தது எல்லாம் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன.

அதே கென்னடி 1963இல் ஜனாதிபதியாக இருந்தபோது கொல்லப்பட்டார். அந்தக் கொலையை விசாரித்த வாரன் ஆணையம் தன் அறிக்கையோடு 26 தொகுதிகளில் சாட்சியங்களையும் சான்றுகளையும் வெளியிட்டது. அதில் "வால்ட்மன் சான்று எண் 7" எனப் பெயரிட்டது ஒரு விற்பனைத் தாள். சிகாகோவின் க்ளைன்ஸ் விளையாட்டுப் பொருள் கடையின் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தது. 1963 நவம்பர் 22 இரவு அந்தக் கடையின் பதிவுகளை எஃப்பிஐ அலசியது, மறுநாள் விடியும் முன்பே இந்தத் தாள் அகப்பட்டது. வாங்கியவர் பெயர் ஏ. ஹைடல், முகவரி டல்லாஸ் தபால் பெட்டி 2915. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி 19.95 டாலர், தபால் செலவோடு 21.45. ஓரத்தில் கடையின் கட்டுப்பாட்டு எண் விசி 836, அதனருகே துப்பாக்கியின் வரிசை எண் சி2766. இத்தாலியின் டெர்னி ஆலையில் 1940இல் செய்த கார்கானோ அது. ஹைடல் என்பது, கென்னடியைச் சுட்டதாக ஆணையம் முடிவு செய்த லீ ஹார்வி ஆஸ்வால்டின் புனைபெயர்.

அமெரிக்காவில் செய்யாத துப்பாக்கியாதலால் 1958இல் நிறைவேறிய குறுகிய விதி அதைத் தொடவில்லை. செனட்டர் கென்னடி கேட்ட முழுத் தடை நிறைவேறியிருந்தால், ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இந்தத் துப்பாக்கி நாட்டுக்குள் வந்திருக்க முடியாது. 1958 மசோதாவையும் இந்த விற்பனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் 1963 ஆகஸ்டிலேயே தபால்வழித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வைத்திருந்தார். முதலில் அது கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான். கென்னடி கொலைக்குப் பிறகு நீள்துப்பாக்கிகளையும் அதில் சேர்த்தார். 1968க்கான நேர்வழி அங்கே தொடங்குகிறது. ஆலைகளின் பழைய கோரிக்கையும் நாட்டின் துக்கமும் ஒரே சட்டத்தில் வந்து கலந்தன.

இந்தத் தேடலில் என்னை இன்னும் விடாமல் உறுத்துவது வேறொன்று. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு புலனாய்வாளர்கள் டல்லாஸிலிருந்து நியூயார்க் இறக்குமதியாளருக்கும், அங்கிருந்து சிகாகோ கடைக்கும், இத்தாலிய ஆலைக்கும் போய்ச் சேர முடிந்தது. ராணுவப் பதிவேடுகள் எல்லாம் எண்ணை வைத்தே எழுதப்படுபவை. எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எப்போது பட்டறைக்கு வந்தது, எந்தக் குழல் மாற்றப்பட்டது என்பதை வேறு எதைக் கொண்டும் தேட முடியாது. பார்ட்ஸ் கிட்டில் தீக்கு முதலில் இரையாவது அந்த எண் பொறித்த இரும்புதான். துப்பாக்கி மறுபடி சுடக்கூடாது என்பது சட்டத்தின் நியாயமான கவலை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எண்ணை ஒரு தாளில் குறித்துவிட்டு வெட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சில படைகள் போல்ட்டிலும் கேரியரிலும்கூட வரிசை எண்ணைப் பொறிக்கும். அந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் அந்தப் பெட்டி ஒரே துப்பாக்கியின் எச்சம் என்று ஓரளவு நம்பலாம். பெட்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: போல்ட் எண், கேரியர் எண், ஆலை முத்திரை, வெட்டுப்பட்ட துண்டு உடன் வந்திருந்தால் அதில் மிஞ்சியிருக்கும் இலக்கங்கள், பெட்டி வாங்கிய ஆண்டு. சாயம் பூசித் துடைத்து அழகுபடுத்துவதற்கு முன்னால் இவற்றைப் படம் எடுத்துக் குறித்து வையுங்கள்.