பேர்ள் பக் மறைத்து வைத்த மகள்

நான் பத்திரிகைத் தொழிலில் காலடி வைத்த நாட்களில் மகளிர் பக்கம் என்றால் சமையல், தையல், அழகுக் குறிப்பு என்பதே ஆசிரிய பீடத்தின் கணிப்பாக இருந்தது. அப்பக்கத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் பணி சில காலம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சுகவீனமுற்ற பிள்ளையைப் பற்றி எழுதிய தாய்மார் பலர், "பெயரைப் போட வேண்டாம்" என்ற வேண்டுகோளுடனேயே கடிதத்தை முடித்திருந்தனர். அக்கடிதங்களுட் பல அச்சேறவில்லை. சோகக் கதை என்று அவற்றை ஒதுக்கி வைத்தவர்களுள் நானும் ஒருவன். அது எத்தகைய தவறு என்பதை ஓர் அமெரிக்க சஞ்சிகையின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1883 இல் தொடங்கப்பட்ட 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்', ஆடை அலங்காரம், தையல் மாதிரிகள், இல்லப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற மகளிர் சஞ்சிகை. அதன் 1950 மே இதழில் 'த சைல்ட் ஹூ நெவர் குரூ' என்ற கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் பேர்ள் எஸ். பக். 1938 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். உலகம் அறிந்த அந்த எழுத்தாளர், வளர்ச்சி குன்றிய தம் மகளைப் பற்றி நெடுங்காலம் பகிரங்கமாகப் பேசாதிருந்தார்.

மகள் கரோல் 1920 இல் சீனாவில் பிறந்தாள். பார்ப்பதற்கு அழகிய குழந்தை. ஆனால் பேச்சு வரவில்லை. தாய் வைத்தியர்களைத் தேடி அலைந்தார். அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் மட்டும் ஒளிவுமறைவின்றி உண்மையைச் சொன்னார்: இப்பிள்ளை ஒருபோதும் குணமடையப் போவதில்லை. அக்கொடிய சொல்லுக்காக அவருக்குத் தாம் என்றும் நன்றியுடையவர் என்று பக் பின்னர் எழுதினார். பொய்யான நம்பிக்கையைவிட உண்மையே அவருக்கு உதவியது.

1929 இல் கரோல் நியூ ஜேர்சி மாநிலத்தின் வைன்லண்ட் பராமரிப்புப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். அதற்கான செலவு பெரிது. அப்பணத்தைத் தேட வேண்டிய நெருக்கடியும் பக்கைத் தீவிரமாக எழுதத் தூண்டியது. 1931 இல் 'த குட் ஏர்த்' வெளிவந்தது. அந்நாவலில் விவசாயி வாங் லுங்கின் மூத்த மகள் புத்தி வளர்ச்சியற்றவள். மறைத்து வைத்த துயரம் கதைக்குள் முன்னரே புகுந்துவிட்டது.

1950 ஆம் ஆண்டுக் கட்டுரை அதே ஆண்டில் நூலாகவும் வந்தது. இதே நிலையிலிருந்த பெற்றோரின் கடிதங்கள் பக்குக்கு வந்து குவிந்தன. 1962 இல் ஜனாதிபதி கென்னடியின் சகோதரி யூனிஸ் சிறைவர், தம் சகோதரி ரோஸ்மேரியைப் பற்றி 'சற்றர்டே ஈவினிங் போஸ்ட்' சஞ்சிகையில் எழுதினார். வெட்கத்துக்குரியதெனக் கருதப்பட்ட விடயம் சஞ்சிகை வழியே வரவேற்பறைக்கு வந்தது.

கரோலுக்கு இருந்தது பினைல்கீட்டோன்யூரியா என்ற பரம்பரை நோய். புரதத்திலுள்ள ஒரு கூறினை உடல் சிதைக்க இயலாமல், அது தேங்கி மூளையைப் பாதிக்கிறது. இதனை 1934 இல் நோர்வேயின் அஸ்பியோன் ஃபோலிங் கண்டறிந்தார். அவரிடம் தம் இரு பிள்ளைகளின் சிறுநீரில் வீசும் விசித்திர மணத்தைப் பற்றி விடாது முறையிட்டவளும் ஒரு தாய்தான். அவள் சொல்லை அவர் தட்டிக் கழிக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் ரொபேர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் ஓரிரு துளி இரத்தத்தில் நோயை அறியும் சோதனையை உருவாக்கினார். உரிய உணவுக் கட்டுப்பாட்டை உடனே தொடங்கினால் மூளை காப்பாற்றப்படும். கரோலுக்கோ அது காலங் கடந்த செய்தி. அவர் 1992 இல் காலமானார்.

பேர்ள் பக்குக்கு நோபல் பரிசின் பெயர் இருந்தது, ஆதலால் இடம் கிடைத்தது. எமது மேசைக்கு எழுதிய தாய்மாருக்குப் பெயரைச் சொல்லும் துணிவே இருக்கவில்லை. பெயரின்றியேனும் அக்கடிதங்களை நாம் பிரசுரித்திருக்கலாம். எங்கோ ஒரு வீட்டில் இன்னொரு தாய், தான் தனித்தவள் அல்லள் என்பதை அறிந்திருப்பாள்.