கூடாரத்தில் கூடிய குடும்பங்கள்

1947-ஆம் ஆண்டில் பஞ்சாப் இரண்டாகப் பிரிந்தது. வீடும் நிலமும் உற்றாரும் இழந்து பல லட்சம் மக்கள் எல்லையைக் கடந்தனர். மனநோயாளிகளும் இப்பிரிவினைக்குத் தப்பவில்லை. 1950-இல் லாகூர் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரஸுக்கு அனுப்பப்பட்டனர். முஸ்லிம் நோயாளிகள் பாகிஸ்தானுக்குச் சென்றனர்.

அந்நாளில் மனநோய் மருத்துவமனை என்றால் உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமே மக்கள் நினைவுக்கு வரும். நோயாளியை உள்ளே விட்டுச் சென்ற உறவினர் பலர் மீண்டும் வந்ததில்லை. அமிர்தசரஸ் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர் 1950-களில் இவ்வழக்கத்தை மாற்றினார். வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியுடன் அவர்தம் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். அனைவரையும் ஒருங்கே அமர்த்தி நோயின் இயல்பை விளக்கினார். மனநோய் பாவத்தின் பயனன்று, பேயின் வேலையுமன்று என்பதை உறவினர் உணர்ந்தனர். பேணும் முறையையும் கண்ணாரக் கண்டு கற்றனர். ஆதலின் குணமடைந்தவர் வீடு திரும்புவது எளிதாயிற்று.

1957-இல் தொடங்கிய வேலூர் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையையே மேற்கொண்டது. பெங்களூரிலும் இம்முறை பின்னர் வேரூன்றியது.

மருந்து மருத்துவர் தருவது. துணை சுற்றத்தார் தருவது. ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே சுற்றம். அவர்களுள் ஒருவர் மனம் நொந்து ஒடுங்கும்போது, கதவைத் தட்டி உடன் அமர்வது நம் கடன்.