கடவுச்சீட்டு ஊழியரும் சங்க உரிமையும்

மன்னார்புரத்தில் வாழும் ஒருவர் கடவுச்சீட்டு கோரினால், அவரது விண்ணப்பம் திருச்சி மண்டல அலுவலகத்திற்குச் செல்கிறது. தூதரகங்களைப் போலவே அதுவும் ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்திற்கு உட்பட்டது.

அரசமைப்பின் 19(1)(இ) உறுப்பு சங்கம் அமைக்கும் உரிமையை இவ்வூழியருக்கும் வழங்குகிறது. ஆனால், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை எனத் தமிழ்நாட்டு வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்திற்கு எஞ்சும் வழி பேச்சுவார்த்தை; அதற்கு அங்கீகாரம் தேவை.

பணிச் சங்க அங்கீகார விதிகள், 1993 இதற்கு 35 விழுக்காடு உறுப்பினரைக் கேட்கின்றன. அடுத்த பெரிய சங்கத்திற்கு 15 விழுக்காடு போதும். சாதி, பழங்குடி, மத அடிப்படையிலான சங்கத்திற்கு அங்கீகாரம் கிடையாது. எனவே பட்டியலின ஊழியரின் குறைகளைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு பொதுச் சங்கத்தையே சேர்கிறது.

இப்பொறுப்பு இன்று கூடியுள்ளது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் 2008இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி, சேவை மையங்களின் முதல்நிலை முகப்புப் பணி தனியாரிடம் சென்றது. சரிபார்ப்பும் வழங்கும் முடிவும் அரசு ஊழியரிடம் உள்ளன. தனியார் பணியிடத்தில் இடஒதுக்கீடு இல்லை.

ஆகவே, பணிநிலை மாறும்போது ஊதியத்தை மட்டும் பேசும் சங்கம் பாதிப் பணியையே செய்கிறது. இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டையும் அது கேட்டுப் பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்கும் அந்த வழியைத் திறந்தே வைத்துள்ளது.