சிவகாசி மார்க்குகளும் புதிய இணையப் பின்னொட்டுகளும்

இணையத்தில் புதிய முகவரிப் பின்னொட்டுகள் விற்பனைக்கு வரும்போது, விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு, தீப்பெட்டி நிறுவனங்கள் தங்கள் வணிகக்குறிகளைப் பிறர் பதிந்துகொள்ளாமல் காப்பதற்கான வழிமுறைகள் பற்றியது இக்கட்டுரை.

சிவகாசியில் மார்க் என்றாலே முதலில் படம்தான். 1920களில் இங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய நாளிலிருந்து, எழுத்தறியாதவரும் கேட்டு வாங்கும்படி அணில், காக்கா, சேவல் என்று லேபில்கள் அச்சாகி வந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு அணில், காளீஸ்வரிக்குச் சேவல். கடைக்கு வருகிறவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. “அணில் மார்க் குடுங்க” என்று கேட்டு, பிஜிலி வெடிக் கட்டைத் திருப்பி லேபிலில் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்வார். இணைய முகவரியிலோ படத்துக்கு இடமே இல்லை, எழுத்து மட்டும்தான். சிக்கலின் வேர் இதுவே.

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2011 ஜூனில் சிங்கப்பூரில் கூடிப் புதிய பின்னொட்டுகளுக்கு வழிவிட்டது. 2012இல் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். .ஷாப், .ஸ்டோர், .ஆன்லைன் போன்றவை அப்படி வந்தவை. 2026 சுற்றில் கட்டணம் 2,27,000 டாலர். நடுத்தரப் பட்டாசு ஆலை தனக்கென்று ஒரு பின்னொட்டு வாங்குவது நடக்கிற காரியமல்ல. பிறருடைய பின்னொட்டில் தன் பெயர் பறிபோகாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

அதற்கான முதல் கருவி, 2013 மார்ச்சில் தொடங்கிய டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ். பதிவான வணிகக்குறியை அங்கே சேர்த்து, அதைப் பயன்படுத்துவதற்கான சான்றும் காட்டினால், ஒவ்வொரு புதிய பின்னொட்டிலும் பொதுவிற்பனைக்கு முன் குறைந்தது 30 நாள் ‘சன்ரைஸ்’ முன்னுரிமை உண்டு. பிறகு 90 நாளுக்கு, அதே பெயரைக் கேட்பவருக்கு எச்சரிக்கை போகும். ஆனால் எச்சரிக்கையைப் படித்த பிறகும் அவர் பதிந்துகொள்ளலாம். உரிமையாளருக்குத் தகவல் வரும், அவ்வளவுதான்.

பொருத்தம் எழுத்துக்கு எழுத்து பார்க்கப்படுகிறது. சிவகாசிக்காரருக்கு இது பெரிய பாதகம். தமிழில் மட்டும் பதிந்த ‘அணில்’, ஆங்கில எழுத்து முகவரியைக் காக்காது. ஆங்கில எழுத்தில் எழுதினாலோ அது வடநாட்டு ‘அனில்’ என்ற ஆள்பெயரோடு கலந்துவிடுகிறது. வேறு சரக்குக்கு அதே எழுத்துகளில் குறி வைத்திருப்பவருக்கும் சன்ரைஸில் சம உரிமை. ‘காளீஸ்வரி’யை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். மாற்று எழுத்துக்கூட்டல்களைச் சேர்க்க வேண்டுமானால் அவை ஏற்கெனவே முறைகேடாகப் பதியப்பட்டதாகத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும். அப்படியும் 50 வரைதான். வெறும் படக்குறி இங்கே ஏற்கப்படாது. ஆகவே லேபிலோடு நின்றுவிடாமல், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிச் சொற்குறியாகச் சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தில் பதிவது அவசியம். பட்டாசு 13ஆம் வகை, தீப்பெட்டி 34ஆம் வகை.

.இன், .இந்தியா போன்ற நாட்டுப் பின்னொட்டுகள் இந்தக் கிளியரிங்ஹவுஸுக்குள் வராதவை. அவற்றை நிக்ஸி நிறுவனம் நடத்துகிறது. 2005இல் .இன் பொதுவுக்குத் திறந்தபோதும் வணிகக்குறி உரிமையாளருக்கு முன்னுரிமை தரப்பட்டது. தகராறு வந்தால் ஐ.என்.டி.ஆர்.பி. விதிப்படி நடுவர் தீர்ப்பார். தீய நோக்கத்தோடு பதிந்தது அல்லது பயன்படுத்தியது, இரண்டில் ஒன்றைக் காட்டினால் போதும். .காம் முதலியவற்றுக்கான யு.டி.ஆர்.பி.யில் இரண்டையும் காட்ட வேண்டும். அந்த வழக்கை உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவிடம் கொண்டுபோனால் கட்டணம் 1,500 டாலரில் தொடங்குகிறது. நீதிமன்ற வழியும் உண்டு. சென்னையின் சத்யம் இன்ஃபோவே, ‘சிஃபி’ என்ற தன் பெயரைக் காக்கத் தொடுத்த வழக்கில் 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை விதித்தது. நேர்மையான ஆலைகள் இணையத்தில் கடை விரிக்க முடியாத அந்த வெற்றிடத்தில்தான், தீபாவளி நெருங்க நெருங்க, பெரிய மார்க்குகளின் படங்களோடு போலித் தளங்கள் முளைக்கின்றன. 80 சதவீதத் தள்ளுபடி விலைப்பட்டியல், வாட்ஸ்அப் எண், முன்பணம். பிறகு தளமே இருக்காது. ஏமாந்த குடும்பம் திட்டுவது லேபிலில் இருக்கும் பெயரைத்தான். அந்த மார்க்கைத் தலைமுறைகளாகக் காத்தவர்களுக்கு இது பெரும் அநியாயம்.

‘சிவகாசி’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் கொண்ட முகவரியை எந்த ஆலையும் எளிதில் தடுக்க முடியாது. சரக்கு உற்பத்தியாகும் இடத்தைக் குறிக்கும் சொல்லைத் தனிச்சொத்தாக்க வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. அத்தகைய தளத்தில் பணம் இழந்தவருக்கு மிஞ்சுவது சைபர் குற்ற உதவி எண் 1930.