குழந்தையின்மையும் ஒரு கூடுதல் எக்ஸும்

கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, குழந்தை இல்லை. முதலில் யாரை டாக்டரிடம் கூட்டிட்டுப் போறாங்க? மனைவியைத்தான். கணவருக்கு ஒரு விந்தணுப் பரிசோதனை எடுக்க மட்டும் வருஷக்கணக்கில் தள்ளிப் போடுறாங்க. அப்படித் தள்ளிப் போடுறவங்க இந்த வரலாற்றைக் கொஞ்சம் படிங்க.

1942, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் மருத்துவர், தன் ஆசான் ஃபுல்லர் ஆல்பிரைட்டோடு சேர்ந்து ஒன்பது ஆண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒன்பது பேருக்கும் விரைகள் சிறியவை. மார்பு சற்றுப் பெருத்திருந்தது. விந்தணு உற்பத்தி இல்லை. ஏதோ ஹார்மோன் குறைபாடு என்றுதான் நினைத்தார்கள்.

குரோமோசோமை எண்ணிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீங்க. அப்போது அந்தக் கணக்கே தப்பு! மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் 1923-லிருந்து நம்பிக்கொண்டிருந்தார்கள். 1956-ல் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் ஸ்வீடனில் அதைத் திருத்தினார்கள். செல்களை உப்பவைத்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்த குரோமோசோம்களைப் பிரித்து எண்ணினார்கள். 46!

சரியான கணக்கு வந்த மூணே வருஷத்தில் விடை கிடைத்தது. 1959-ல் எடின்பரோவில் பெட்ரிஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கிளைன்ஃபெல்டர் பாதிப்புள்ள ஒருவரின் செல்லில் 47 எண்ணினார்கள். எக்ஸ்ஒய் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்எக்ஸ்ஒய். அதே வருஷம் டர்னர் பாதிப்புள்ள பெண்ணிடம் ஒரு எக்ஸ் குறைவதை சார்லஸ் ஃபோர்டு குழு காட்டியது.

இது அபூர்வம் இல்லைங்க. 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. விந்தில் உயிரணுவே இல்லாத ஆண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இதுதான் காரணம். தாம்பத்தியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதனால் ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது.

இது யார் குற்றமும் இல்லை. பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நடக்கும் செல் பிரிவுப் பிழை. தாயும் பொறுப்பில்லை, தந்தையும் பொறுப்பில்லை, மனைவி நிச்சயமாக இல்லை.

வழியும் இருக்கிறது. இவர்களில் பலருக்கு விரைக்குள் அங்கங்கே சில விந்தணுக்கள் இருக்கும். அவற்றை எடுத்து முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறந்த செய்தி 1998-லேயே வெளியாகிவிட்டது.

அதனால் முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்க. விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்றால், கேரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்க.