காதுக்கு லைசென்ஸ்

கடையநல்லூரில் எங்கள் வீட்டு பீரோவுக்குள் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, இவற்றோடு சின்னப் புத்தகம் ஒன்று: ரேடியோ லைசென்ஸ். வருஷத்துக்கு ஒருமுறை அப்பா அதைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போய்ப் பணம் கட்டிவிட்டு வருவார். ஒரு வருஷம் கட்ட முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க ரேடியோவின் மேல் பழைய வேட்டித் துணி ஒன்று கிடந்தது. “லைசென்ஸ் பாக்க ஆளு வாராராம்” என்று தெருவில் பேச்சு வந்தால் அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவாள். யாரும் வந்ததில்லை. ஆனால் கேட்பதும் குற்றமாகலாம் என்பது அந்த வயசிலேயே எனக்குப் பதிந்துவிட்டது. இப்படி ஒரு நிலை எப்படி ஏற்பட்டது என்று பிற்பாடு படித்துப் பார்த்தேன்.

ஆரம்பம் 1885-ல். இந்தியத் தந்திச் சட்டம் தந்தியைச் சர்க்காரின் தனி உரிமையாக்கிற்று. பிறர் நடத்த வேண்டுமானால் சர்க்கார் லைசென்ஸ் தரவேண்டும். அப்போது மார்க்கோனிக்குப் பதினொரு வயசு. ரேடியோ பிறக்குமுன்பே அதற்குப் பூட்டுத் தயாராகிவிட்டது. பின்னால் கம்பியில்லாத் தந்தியும் அதே பூட்டுக்குள் வந்து சேர்ந்தது.

ஆனாலும் தமிழ்நாட்டில் ரேடியோவைத் தொடங்கியது சர்க்கார் அல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்நின்று, 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. ஜூலை 31-ல் ஒலிபரப்பு. 40 வாட் கருவி. பிறகு 200 வாட். சில அங்கத்தினர்கள், சந்தா, ஆர்வம், ஓயாத பணக்கஷ்டம். மூன்று வருஷம் நடந்து, 1927 அக்டோபரில் நின்றது. இந்தக் கதை நமக்குப் பழக்கமானது. ரேடியோ இங்கே ஒரு சிறுபத்திரிகையாகத்தான் பிறந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. கிளப்பின் கருவி சென்னைக் கார்ப்பரேஷனுக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் 1 முதல் கார்ப்பரேஷன் ஒலிபரப்பியது. ரேடியோ வாங்க வழியில்லாதவனும் கடற்கரையில் நின்று ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டான்.

கிளப் நின்ற அதே 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி ஆரம்பித்தது. தனியார் கம்பெனி, சர்க்கார் லைசென்ஸ். வீட்டு ரேடியோவுக்கு வருஷம் 10 ரூபாய். அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. பிரிட்டனில் 1922-லிருந்து இருந்த 10 ஷில்லிங் ஏற்பாட்டின் நகல் இது. அங்கே லட்சக்கணக்கில் கட்டினார்கள். இங்கே மூன்று வருஷத்தில் 8,000 பேர் சேரவில்லை. கட்டாமல் கேட்டவர்களும் உண்டு. 1930 மார்ச் 1-ல் கம்பெனி கலைப்புக்குப் போயிற்று. ஒரு மாதத்தில் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது.

கட்டாதவனைப் பிடிப்பதில் பழைய சட்டத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. ரேடியோவை இயக்கியதை நிரூபிக்க வேண்டும். வெறுமனே வைத்திருப்பது குற்றமில்லை. 1933-ல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. 1934 ஜனவரி 1 முதல் அமல். அதன்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். என் அம்மா பயந்தது இந்தச் சட்டத்துக்குத்தான். அமெரிக்காவில் பேசுகிறவனுக்குத்தான் லைசென்ஸ், கேட்கிறவனுக்கு இல்லை. இங்கே பேசும் உரிமை முழுக்கச் சர்க்காரிடம். அதற்கு மேல் கேட்பவனுக்கும் அனுமதிச் சீட்டு.

1936-ல் அகில இந்திய ரேடியோ என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையம், 1939-ல் திருச்சி. கார்ப்பரேஷன் ஒலிபரப்பும் அதோடு முடிந்தது. 1942-ல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. வெள்ளைக்காரன் போனான், இரண்டு சட்டங்களும் போகவில்லை.

காற்றலைக்கு மட்டும் இது தெரியாது. 1952-ல் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். எங்கள் ஊருக்கு மேற்கே மலை. கிழக்கே கடல் தாண்டினால் இலங்கை. 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் வரும்வரை, ஏன் வந்த பிறகும், டீக்கடைகளில் கேட்டது கொழும்புதான். டில்லிக்குப் பணம் கட்டிக் கொழும்பைக் கேட்டார்கள் தறிக்காரர்கள். என்ன பேசுவது என்பதைச் சர்க்கார் முடிவுசெய்ய முடிந்தது. எதைக் கேட்பது என்பதை முடிவுசெய்தது கேட்பவனின் விரல்.

இதைச் சிறுபத்திரிகைக்காரர்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. 1867-ஆம் வருஷச் சட்டம் அச்சுக்குக் கேட்டது மாஜிஸ்திரேட் முன் ஓர் உறுதிமொழி. ஜாமீன்தொகை கேட்டுப் பத்திரிகைகளை நெரித்த காலமும் உண்டு. ஆனாலும் முந்நூறு பிரதி அச்சடித்து ஒரு புதுக் கவிதையை வாசகனிடம் சேர்க்க முடிந்தது. முந்நூறு பேருக்கான ரேடியோ சாத்தியமாகவே இல்லை. ‘எழுத்து’ 1959-ல் பத்திரிகையாக வர முடிந்தது. அலைவரிசையாக வந்திருக்க முடியாது. நம் நவீன இலக்கியம் கண்ணால் வாசிக்கிற மௌன இலக்கியமாகவே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குரலில் வளர்ந்த ஒரு மொழிக்கு இது சின்ன நஷ்டமல்ல.

1980-களின் நடுவில் ரேடியோ லைசென்ஸ் ஒழிந்தது. காற்றலை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. 2004-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி வந்தது. ஆனால் தனியார் பண்பலைகளுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல உரிமை இல்லை. 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் 1885-ஐயும் 1933-ஐயும் நீக்க வழி செய்கிறது. புதிய சட்டத்திலும் அனுமதி தருவது சர்க்கார்தான்.

தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகத்தில் ஒரு வருஷம் மட்டும் முத்திரை இல்லை. அந்த வருஷம்தான் நாங்கள் மிகக் கவனமாகக் கேட்டோம். சத்தம் அவ்வளவு குறைவு.