நிலாவின் பள்ளங்களும் ஒரு பொம்மை நிலாவும்

1874ஆம் ஆண்டு லண்டனில் நிலாவைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர்கள் ஜேம்ஸ் நாஸ்மித், ஜேம்ஸ் கார்ப்பென்டர் என்ற இருவர். அதிலிருந்த புகைப்படங்களில் கோபர்னிகஸ், பிளேட்டோ போன்ற பெரும் பள்ளங்களும், கூரான மலைகளும், கருத்த நிழல்களும் பக்கத்தில் போய் நின்று எடுத்தது போலத் தெரிந்தன. ஆனால் அவை நிலாவின் படங்களே அல்ல! பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த மாதிரிகளின் படங்கள்.

இதை அவர்கள் மறைக்கவில்லை. புத்தகத்திலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் நிலாவை நேரடியாகப் படம் எடுக்க அப்போது வழி இல்லையா? இருந்தது. 1840இலேயே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர், வெள்ளி பூசிய தகட்டில் நிலாவைப் பதிவு செய்துவிட்டார். அதற்கு சுமார் 20 நிமிடம் ஆனது. 1851இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த நிலாப் படம் லண்டன் பொருட்காட்சியில் பரிசு பெற்றது. பிறகு இங்கிலாந்தின் வாரன் டி லா ரூ கண்ணாடித் தகடுகளில் இன்னும் தெளிவாக எடுத்தார்.

பிறகு ஏன் பொம்மை? காரணம் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. கொதிக்கும் நீருக்கு அடியில் கிடக்கும் காசு நெளிந்து தெரிவது போல, காற்றின் அசைவில் நிலாவும் நெளிகிறது. அந்தக் காலத் தகட்டில் படம் விழச் சில நொடிகளாவது வேண்டும். அந்த நொடிகளின் நெளிவு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, சிறு பள்ளங்கள் மங்கிப்போயின. கண் அப்படி அல்ல. காற்று ஒரு கணம் அடங்கினால் அந்தக் கணத்தில் தெரிந்ததைப் பிடித்துக்கொள்ளும். தொலைநோக்கி வழியாகப் பார்த்தவருக்குத் தெரிந்தது கேமராவுக்குத் தெரியவில்லை.

நாஸ்மித் ஒரு பொறியாளர். நீராவிச் சம்மட்டியால் பெயர் பெற்றவர். 1856இல் 48 வயதில் தொழிலை விட்டுவிட்டு, தானே கட்டிய 20 அங்குலத் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த வரைபடங்களை வைத்து மாதிரிகள் செய்து, சாய்ந்த வெயிலில் வைத்துப் படம் எடுத்தார். சாய்ந்த வெயில் எதற்கு? பள்ளத்தைக் காட்டுவது நிழல்தான். முழு நிலவில் நிழல் இல்லாததால் பள்ளங்கள் சரியாகத் தெரிவதில்லை. பிறை நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பார்த்தால்தான் அவை எழும்பி நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கையால் செய்த மாதிரியில் செய்தவரின் நம்பிக்கையும் சேர்ந்துவிடும். பள்ளங்கள் எல்லாம் எரிமலை வாய்கள் என்று நாஸ்மித் நம்பினார். அவருடைய மலைகள் செங்குத்தாக நின்றன. உண்மையில் கோபர்னிகஸ் சுமார் 93 கிலோமீட்டர் அகலம். ஆழம் 4 கிலோமீட்டர்கூட இல்லை. கிணறு போல் அல்ல, தாம்பாளம் போல! விண்கற்கள் மோதியதால் வந்த பள்ளங்கள் இவை என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் 1890களிலேயே சொன்னார். அது பரவலாக ஏற்கப்பட 1960கள் வரை ஆனது. 1969 முதல் 1972 வரை அங்கே இறங்கிய அப்போலோ வீரர்கள் கண்டது வழவழப்பான, உருண்ட குன்றுகளை.

நேரடிப் படங்களும் மெல்ல முன்னேறின. பாரிஸ் வானாய்வகத்தில் லோவியும் புய்சோவும் எடுத்த நிலாப் படத் தொகுப்பு 1896 முதல் 1910 வரை வெளிவந்தது. 1964இல் ரேஞ்சர் 7 விண்கலம், நிலாவில் மோதுவதற்கு முன் 4300க்கும் அதிகமான படங்களை அனுப்பியது. காற்றே இல்லாத இடத்தில் நெளிவுக்கு ஏது இடம்?

இன்று மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்கூட கோபர்னிகஸை அழகாக எடுக்கிறார்கள். அதில் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தி, சில நிமிடம் வீடியோ எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான காட்சிகளில் காற்று அடங்கியிருந்த கணங்களை மட்டும் கணினி பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருகிறது. நாஸ்மித்தின் கண் செய்த அதே வேலை! ஒரே வித்தியாசம், பள்ளம் எப்படி உருவானது என்பதில் கணினிக்குச் சொந்தக் கருத்து எதுவும் கிடையாது. எடுக்கிறவருக்கு இருக்கலாம். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.